எஃகு நகரத்தின் முகங்கள்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

செய்தித்தாளின் ஆயுள் ஒரே நாள். காலையில் தேநீர்க்கடைப் பெஞ்சில் நான்கு பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்த தாள், மறுநாள் மளிகைக் கடையில் கடுகுப் பொட்டலமாகிவிடுகின்றது. செய்திக்கே இந்தக் கதி என்றால், அதன் ஓரத்தில் இரண்டு பத்தி அகலத்தில் அச்சாகும் புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விளையாட்டு விழா, பாலம் திறப்பு, கோயில் கூட்டம், ஆலை வாசல் கூட்டம் என்று ஊர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் நாள்தோறும் எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. படத்தில் இருப்பவர்களின் பெயரையும் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. அப்படிப்பட்ட படங்கள் ஒரு நகரத்தின் வரலாற்றுக்கு எதைத் தந்துவிடும்? இந்தக் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது, நான் கால் வைத்தே இராத ஒரு நகரத்திலிருந்து.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் தொழில் நகரங்களைப் பற்றி ஆளுக்கொரு கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க வேண்டும் என்று பேராசிரியர் பணித்தார். ஒருவருக்கு மான்செஸ்டர், ஒருவருக்கு ஒசாகா, ஒருவருக்கு ஜாம்ஷெட்பூர். எனக்கு வாய்த்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க். அலெகெனி, மொனொங்கஹீலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஒகையோ என்னும் பேராறாக மாறும் முனையில் அமைந்த ஊர் அது. சுற்று வட்டாரத்து நிலக்கரியும் ஆற்றுவழிப் போக்குவரத்தும் அவ்வூரை எஃகு நகரமாக்கின. ஆண்ட்ரூ கார்னெகி செல்வம் குவித்தது அங்கேதான். 1892-இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர் போராட்டம் துப்பாக்கிச் சண்டையாக வெடித்ததும் அந்நகரை அடுத்துத்தான். 1940-களில் ஆலைப் புகை மண்டிப் பட்டப்பகலிலும் தெருவிளக்குகள் எரிந்த நாட்கள் உண்டு. 1950-இல் 6,76,806 பேர் வாழ்ந்த நகரம் அது. மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தும், எஃகாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டும், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே எஞ்சியிருந்தோர் 3,02,971 பேர். ஹோம்ஸ்டெட் ஆலையும் 1986-இல் மூடப்பட்டது.

கருத்தரங்கில் வாசிக்க இவ்வளவு போதும். ஆயினும் என் மனம் நிறைவடையவில்லை. நான் மில் குடும்பத்தில் பிறந்தேன். எங்கள் தாத்தா எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த மில் இப்போது இல்லை. அதைப் பற்றி எங்கேனும் எழுதப்பட்டிருந்தால் கதிர்கள் எத்தனை, தொழிலாளர் எத்தனை பேர், மூடிய நாள் எது என்றுதான் இருக்கும். மூன்றாம் ஷிப்டு முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு சைக்கிளில் வரும் தாத்தாவை அந்தக் கணக்கில் எங்கே தேடுவது? அதுபோலவே பிட்ஸ்பர்க்கைப் பற்றிய நூல்களில் எத்தனை டன் எஃகு உருக்கப்பட்டது என்பது இருந்தது. உருக்கியவர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்பது இல்லை. கல்லூரி நூலகத்துக் கணிப்பொறியில் இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சார்லஸ் ஹாரிஸ் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரரின் படங்கள் என் கண்ணில் பட்டன.

சார்லஸ் ஹாரிஸ் 1908-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். ‘டீனி’ ஹாரிஸ் என்றால்தான் அவ்வூரில் எல்லோருக்கும் தெரியும். ஹில் மாவட்டம் என்னும் மேட்டுப் பகுதியில் அவர் குடும்பம் ஒரு தங்கும் விடுதி நடத்தியது. இளமையில் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடியவர். 1930-களில் காமிராவைக் கையில் எடுத்தார். ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்னும் வார இதழுக்குப் படமெடுக்கத் தொடங்கி, 1975 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பணியிலேயே இருந்தார்.

அந்த இதழைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1907-இல் தொடங்கப்பட்ட ‘கூரியர்’ கறுப்பின மக்கள் தமக்காகத் தாமே நடத்திய பத்திரிகை. நகரத்தின் பெரிய நாளிதழ்களில் ஒரு கறுப்பினத்தவரின் படம் வரவேண்டுமானால், பெரும்பாலும் அவர் குற்றம் செய்திருக்க வேண்டும், அல்லது குத்துச்சண்டையில் வென்றிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுத் திருமணமோ, அவர்கள் பிள்ளை பட்டம் பெற்றதோ அங்கே செய்தியாகாது. ‘கூரியர்’ அந்தக் குறையைப் போக்கியது. ரயில்களில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் இதன் கட்டுகளைத் தென் மாநிலங்களுக்கு மறைவாகக் கொண்டுசேர்த்தனர். 1942-இல் வெளிநாட்டில் பாசிசத்தின் மீதும் உள்நாட்டில் நிறவெறியின் மீதும் ‘இரட்டை வெற்றி’ வேண்டும் என்று இவ்விதழ் நடத்திய இயக்கம் நாடறிந்தது. 1940-களின் பிற்பகுதியில் இதன் விற்பனை மூன்றரை இலட்சம் பிரதிகளை எட்டியது. இத்தகைய இதழுக்கு உள்ளூர்ப் படங்களை எடுத்துத் தந்தவர்தான் ஹாரிஸ்.

அவருக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. நகர மேயராக இருந்த டேவிட் லாரன்ஸ் அவரை ‘ஒன் ஷாட்’ என்று அழைத்தாராம். மற்றப் பத்திரிகைக்காரர்கள் மேயரை நிற்கவைத்துப் பலமுறை எடுத்துக்கொண்டிருக்க, ஹாரிஸ் ஒரே முறை எடுத்துவிட்டு வணக்கம் சொல்லிப் போய்விடுவாராம். அவர் கையாண்ட ‘ஸ்பீட் கிராஃபிக்’ காமிராவின் அமைப்பை அறிந்தால் இதன் பொருள் விளங்கும். இன்றைய கைப்பேசியைப் போல அதில் நூறு படம் எடுத்துத் தள்ள முடியாது. நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் அளவுள்ள தனித்தனிப் பிலிம் தாள்களை ஒரு சட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, காமிராவின் பின்புறம் செருக வேண்டும். ஒரு படம் எடுத்ததும் சட்டத்தைத் திருப்பிச் செருக வேண்டும். ஃபிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் கருகிவிடும். அதைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். பிலிமுக்கும் காசு, பல்புக்கும் காசு. ஆகவே எடுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரே நிற்பவரிடம் பேசி, அவர் முகம் மலர்ந்த நொடியில் எடுத்தாக வேண்டும். வறுமை ஒரு மனிதருக்குக் கூர்மையைக் கற்றுக்கொடுத்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்த நெகட்டிவ்கள் ஏறத்தாழ 80,000 இன்றும் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. 1963 ஜனவரியில் குத்துச்சண்டைக்காகப் பிட்ஸ்பர்க் வந்திருந்த இளைஞர் காஷியஸ் கிளே, அதாவது பின்னாளில் முகமது அலி, விடுதியில் தம் தாயாரைக் குழந்தையைப் போல இரு கைகளில் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று உண்டு. உலகமே அஞ்சிய கைகளில் தாய் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாடகி லீனா ஹார்ன், மார்ட்டின் லூதர் கிங் போன்றோரும் அவர் காமிராவுக்கு முன் நின்றிருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் சிலரே. மற்றவை எல்லாம் ஊர் மக்கள்: முடிதிருத்தகத்தில் அமர்ந்திருப்போர், தேவாலய விருந்தில் பரிமாறும் பெண்கள், மணமக்கள், தெருவில் ஆடும் சிறுவர்கள், மறியலில் அட்டை ஏந்தியோர், புதிய காரில் சாய்ந்து நிற்கும் இளைஞர், விபத்தில் நசுங்கிய வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம்.

இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது ஒன்று எனக்குப் பிடிபட்டது. இவர்களில் பெரும்பாலோர் காமிராவை நேராகப் பார்க்கிறார்கள். கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டு, குழந்தையின் தலையை வாரிவிட்டு நிற்கிறார்கள். படமெடுப்பவரை அவர்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் பத்திரிகையில் வரும் என்பதும் தெரியும். வந்த பின்னும் அதே புகைப்படக்காரர் அதே தெருவழியே நடந்து வரப்போகிறார் என்பதும் தெரியும். ஆகவே அவரும் ஒருவரை அலங்கோலமாக எடுத்துவிட்டு ஓடிவிட முடியாது.

இதே நகரத்துக்கு வேறு புகைப்படக் கலைஞர்களும் வந்தார்கள். 1950-இல் ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் தலைமையில், நகரம் புதுப்பிக்கப்படுவதைக் காட்டும் பொருட்டு ஒரு பெரிய படத்தொகுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் 1955-இல் யூஜீன் ஸ்மித் வந்தார். அவர் உலகப் புகழ் பெற்றவர். பின்னாளில் ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்டோரைப் படமெடுத்தவரும் அவரே. பிட்ஸ்பர்க்கைப் பற்றிய ஒரு நூலுக்காக மூன்று வாரத்தில் நூறு படம் எடுத்துத்தருவது அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ அந்நகரில் மூழ்கிப்போய் ஏறத்தாழ 17,000 படங்களை எடுத்தார். நகரத்தை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வேட்கையில் தம் பணத்தையும் உடல்நலத்தையும் இழந்தார். 1959-இல் ஓர் ஆண்டு மலரில் 88 படங்கள் வெளிவந்தன; அதிலும் அவருக்கு மனநிறைவு இல்லை.

ஸ்மித்தின் படங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. எஃகுத் தொழிலாளி ஒருவரின் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டிலும் உலைநெருப்பு எரிவதைக் காட்டும் அவருடைய படத்தைப் பார்த்தவர் மறக்க முடியாது. தொழிலின் வெம்மை முழுவதையும் இரண்டு சிறிய கண்ணாடி வட்டங்களுக்குள் அடக்கிவிட்டார். ஆனால் அதே காரணத்தால் அந்தத் தொழிலாளியின் கண்களை நம்மால் பார்க்க முடியவில்லை. அவர் யார்? எத்தனை குழந்தைகள்? ஷிப்டு முடிந்ததும் எந்தத் தெருவுக்குப் போனார்? படம் அதைக் கேட்கவில்லை. அங்கே அவர் ‘எஃகுத் தொழிலாளி’, அவ்வளவே. ஹாரிஸின் படங்களில் எஃகு வேறு விதமாகத் தெரிகின்றது. வேலை முடித்துக் குளித்து, நல்ல கோட்டு அணிந்து, மகளின் பிறந்தநாளுக்கு வந்து நிற்கும் தந்தையாகத் தெரிகின்றது.

எங்கள் தாத்தாவுக்கும் மில்லில் எடுத்த ஒரு படம் உண்டு. அடையாள அட்டையில் ஒட்டிய அஞ்சல்தலை அளவுப் படம். நெஞ்சுக்கு நேரே எண் எழுதிய பலகை. அதில் இருப்பவர் அந்த எண்ணுக்குரிய தொழிலாளி. எங்கள் தாத்தா அல்லர். அவர் சிரித்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழியும் என்பதை அந்தப் படம் அறியாது.

‘காமிராவுக்காக அலங்கரித்து நின்ற படத்தில் உண்மை எப்படி இருக்கும்?’ என்று வகுப்பில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நிறவெறிக் கொடுமை நிலவிய காலத்தில் வெறும் சிரித்த முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதினால் அது பொய்யாகிவிடும். எஃகாலைகளில் கறுப்பினத்தவருக்கு ஊதுலைக்கும் கல்கரி உலைக்கும் பக்கத்தில், வெப்பமும் புழுதியும் மிகுந்த வேலைகளே பெரும்பாலும் தரப்பட்டன. நல்ல வேலைக்கு மாறினால் அதுவரை சேர்ந்த பணிமூப்பு போய்விடும் என்ற விதியால் அவர்கள் அங்கேயே கட்டுண்டு கிடந்தனர். 1974-இல்தான் அமெரிக்க அரசு ஒன்பது எஃகு நிறுவனங்களோடும் தொழிற்சங்கத்தோடும் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டால், பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 பேருக்கு 3 கோடி டாலருக்கு மேல் ஈட்டுத்தொகை வழங்க வழி பிறந்தது. இவற்றை எல்லாம் படங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதன் தான் எவ்வாறு காணப்பட வேண்டும் என்று விரும்பினான் என்பதும் ஒரு வரலாற்று உண்மையே. தன்னை இழிவாகவே பார்க்கும் ஓர் ஊரில், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதும் ஒருவகைப் போராட்டமே என்று நான் விடையளித்தேன்.

அந்த விடைக்கு வலுவான சான்று ஹில் மாவட்டத்தின் கதையிலேயே இருக்கின்றது. அம்மாவட்டத்தின் கீழ்ப்பகுதி நகர மையத்தை ஒட்டியிருந்தது. பழைய வீடுகள், நெருக்கடி, குழாய் வசதிக் குறைவு எல்லாம் உண்மை. ஆனால் ஆட்சியாளர் ஏட்டில் அது ‘சேரி’ என்னும் ஒரே சொல்லாகிவிட்டது. 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இப்படிப்பட்ட பகுதிகளை இடித்துத் தரைமட்டமாக்க மைய அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. 1956-இல் இடிப்பு தொடங்கியது. ஏறத்தாழ 95 ஏக்கர் பரப்பில் 1,300 கட்டடங்கள் வீழ்ந்தன. ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். 400-க்கு மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. 1957-இல் பெத்தேல் என்னும் பழமைவாய்ந்த கறுப்பினத் தேவாலயமும் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 1961-இல் திறந்து மூடும் கூரையுடைய பெரிய அரங்கம் ஒன்று எழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். 2012-இல் அங்கே பெரும்பகுதி வாகனம் நிறுத்தும் வெற்றிடமாகவே கிடந்தது.

இடிக்கப்பட்டது வெறும் சேரிதானா? ஹாரிஸின் படங்கள் இல்லாவிட்டால் நாமும் ஆம் என்றே எழுதியிருப்போம். வைலி அவென்யூ என்னும் கடைத்தெருவில் மருந்துக்கடை, தையற்கடை, உணவகம், இசைக்கூடம் எல்லாம் வரிசையாக நிற்பதை அவர் படங்கள் காட்டுகின்றன. அங்கே வாடிக்கையாளரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைத்துக்கொள்ளும் நெருக்கம் தெரிகின்றது. இடிப்பு மேலும் தொடரக் கூடாது என்று மக்கள் தெருமுனையில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகையை நிறுத்தினார்கள். இந்த எல்லைக்கு மேல் வராதே என்று நகர ஆட்சிக்கு விடுத்த எச்சரிக்கை அது. அதையும் ஹாரிஸ் எடுத்துவைத்தார். அவர் வழக்காடவில்லை, மேடையில் பேசவில்லை. அந்த வாரத்துப் பத்திரிகைக்குத் தேவையானதைத்தான் எடுத்தார். ஆனால் ஓர் ஊர் தன்மேல் சுமத்தப்பட்ட சொல்லை மறுப்பதற்கு வேண்டிய சான்று அதனாலேயே உண்டாகிவிட்டது.

அந்தச் சான்றும் எளிதாகத் தப்பிவிடவில்லை. முதுமையில் ஹாரிஸ் தம் நெகட்டிவ்களை ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தார். அவற்றைத் திரும்பப் பெற அவர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. தீர்ப்பைக் கேட்காமலே 1998-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். அவர் குடும்பத்தார் வழக்கில் வென்றபின், 2001-இல் பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னெகி கலை அருங்காட்சியகம் அத்தொகுப்பை வாங்கியது. பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலான நெகட்டிவ்களுக்குப் பெயரும் இல்லை, நாளும் இல்லை. வாரந்தோறும் பத்திரிகைக்காக ஓடிய மனிதருக்கு ஒவ்வொன்றிலும் எழுதி வைக்க நேரம் ஏது? தவிர, அவருக்கு எல்லோரையும் தெரியும். எழுத வேண்டிய தேவையும் இல்லை. தெரிந்தவர் போனபின்தான் தேவை வந்தது.

அருங்காட்சியகத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2003-இல் படங்களைக் காட்சிக்கு வைத்து, ‘இவர்கள் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று ஊர் மக்களையே கேட்டார்கள். முதியவர்கள் வந்து பார்த்தார்கள். இது என் அத்தை, இது எங்கள் பள்ளி ஆசிரியை, இந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம் என்று சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள். அருங்காட்சியகப் பட்டியலில் படங்களின் தலைப்பு நீளமாக இருக்கும்: யார் யார் நிற்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், எந்தத் தெரு, எந்த ஆண்டுகளுக்கிடையே என்று. தெரியாத இடத்தில் ‘இருக்கலாம்’ என்னும் சொல் வரும். ‘வைலி அவென்யூவாக இருக்கலாம்’, ‘இன்னாராக இருக்கலாம்’. அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம், கேட்கக் காலம் தாழ்ந்த ஒரு கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு ஒன்று இருக்கின்றது. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. மதிய உணவு நேரத்தில் மில் வாசலில் தூக்குச்சட்டிகளோடு காத்திருக்கும் பதினொரு பெண்கள். கீழே ‘மதிய இடைவேளையில் மில் வாசல்’ என்று மட்டும் அச்சாகியிருக்கின்றது. எடுத்தவர் பெயர் இல்லை. இடமிருந்து நான்காவதாக நிற்பவர் எங்கள் பாட்டி, அதனால்தான் வெட்டிவைத்திருக்கிறார். கருத்தரங்கு முடிந்த வாரம் நான் நோட்டும் பென்சிலுமாக அவர் அருகில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்தார். “இது கெணத்தடி வூட்டு அக்கா. இது தறிக்காரரு மருமக, நிறைமாசத்துல சோறு கொண்டாந்தவ. இவ புருஷனுக்குத்தான் மிசின்ல கை போச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டுப் பேருக்குப் பெயரும் வீடும் உறவும் கிடைத்தன. மீதி மூன்று பேரின் மேல் அவர் விரல் நெடுநேரம் நின்றது. “ஆருன்னு தெரியிலயே கண்ணு. தெனம் பாத்த மூஞ்சிதான்” என்றார். அந்த மூவரையும் அறிந்த வேறு யாராவது இன்னும் எங்கள் ஊரில் இருக்கக்கூடும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே! பத்திரிகைப் படத்தின் மதிப்பு அது அச்சான நாளோடு முடிந்துவிடுவதில்லை. சிலசமயம் ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது தொடங்குகின்றது. ஆனால் அதற்கு இரண்டு பொருள்கள் பிழைத்திருக்க வேண்டும். ஒன்று நெகட்டிவ். பழைய பிலிமின் அடித்தளம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசத் தொடங்கும்; பிறகு சுருங்கி மடிந்து பயனற்றுப் போகும். நம் ஊர் வெயிலும் மழையும் அதற்குக் காத்திருப்பதில்லை. மற்றொன்று நினைவு. அது பிலிமைவிட விரைவில் அழிவது. படம் இருந்தும் பெயர் இல்லையென்றால் நம்மிடம் இருப்பது ஒரு முகம் மட்டுமே; அந்த முகத்துக்குரிய வாழ்க்கை இல்லை.

நம் கல்லூரியில் படிப்போரில் பலர் ஆலைத் தொழிலாளரின், தறிக்காரரின், கூலிக்காரரின் பிள்ளைகள். நம் வீட்டாரைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து யூஜீன் ஸ்மித் வரப்போவதில்லை. வந்தாலும் அவருக்கு நம் பாட்டிகளின் பெயர் தெரியாது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் பத்திரிகைக்குப் படமெடுத்து ஓய்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் ஏதேனும் ஒரு பெட்டி இருக்கும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம், நல்ல பணிகளே. அத்தோடு ஒரு பிற்பகல் அந்தப் பெட்டியை அவர் இசைவோடு திறந்து, ஊர்ப் பெரியவர்களை அழைத்து, படத்துக்குப் படம் பெயர் கேட்டு எழுதினால் என்ன? இன்று நம் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன. அவற்றுக்கும் இதே கதி வராதிருக்க, யார், எங்கே, எப்போது என்று மூன்று சொல் எழுதிவைப்பது பெரிய வேலையன்று.

வேண்டியவை ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் மட்டுமே. சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே போய்க் கேட்போம்.